கார்த்திகைக் கூட்டத்தை எடைபோட்டபோது

கார்த்திகை விண்மீன் கூட்டத்தை வைத்து நான் போட்ட கணக்கில் திரையில் கடைசியாக வந்த எண் 2.3. பிழை இரு பக்கமும் 0.1. ஒன்றாகப் பிறந்த விண்மீன்களில் கனமானவை எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் எண் இது. 1955-இல் வானியற்பியலாளர் எட்வின் சால்பீட்டர் சூரியனின் சுற்றுவட்டார விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டது 2.35. 2001-இல் பாவெல் குரூபா, சூரிய நிறையில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குத் தந்தது 2.3. ஆக, பொருந்திவிட்டது. ஆனால் இதற்கு வெகு முன்பே, ஆரம்பக் கட்டத்திலேயே எனக்கு 2.4 வந்திருந்தது. பிழை எல்லைக்குள் அதுவும் பொருந்தத்தான் செய்தது. அந்த 2.4 முழுக்கத் தற்செயலாக வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் எண்ணின் பொருளை நடைமுறையில் சொல்லிவிடுகிறேன். 2.3 என்றால், சூரியனைப்போல் 1 முதல் 2 மடங்கு நிறையுள்ளவை 100 பிறந்தால், 2 முதல் 4 மடங்கு உள்ளவை சுமார் 40, 4 முதல் 8 மடங்கு உள்ளவை சுமார் 16. இப்படி இரட்டிப்பாகும் பெட்டிகளில், அதாவது மடக்கை அளவில் எண்ணினால் சரிவு 1.3 என்று வரும். சமமான நிறை இடைவெளியில் எண்ணினால் அதே சரிவு 2.3. கட்டுரைக்குக் கட்டுரை இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. ஒப்பிட உட்காரும்போது எது எந்தக் கணக்கு என்று பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கூட்டத்தை எடுப்பது? புதிதாகப் பிறந்தவை என்றதும் ஓரியன் நெபுலாவைத்தான் நினைத்தேன். வயது சில பத்து லட்சம் ஆண்டுகள், தூரம் சுமார் 400 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). தரவைத் திறந்து பார்த்ததும் கைவிட்டேன். தூசி ஒவ்வொரு விண்மீனையும் ஒவ்வோர் அளவுக்கு மறைக்கிறது. பின்னணியில் வாயு ஒளிர்கிறது. சிறிய விண்மீன்கள் இன்னும் சுருங்கிக்கொண்டிருப்பதால், ஒரே ஒளியளவுக்கு வயதைப் பொறுத்து வேறு வேறு நிறை வருகிறது. வீட்டில் ஒரு மடிக்கணினியோடு செய்யக்கூடிய வேலை இல்லை.

கார்த்திகைக் கூட்டம் அப்படியில்லை. தூரம் சுமார் 136 பார்செக், தூசி மிகக் குறைவு. வயது 11 முதல் 13 கோடி ஆண்டுகளுக்குள். எல்லா விண்மீன்களும் ஒரே திசையில், ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மில்லி விகலை (ஒரு விகலை பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மில்லி விகலை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேகத்தில் நகர்கின்றன. பின்னணி விண்மீன்களில் பெரும்பாலானவை அவ்வளவு வேகமாக நகர்வதில்லை என்பதால் உறுப்பினர்களைப் பிரித்தெடுப்பது எளிது. விலையும் உண்டு. 12 கோடி ஆண்டுகளில் சூரியனைவிட சுமார் ஐந்து மடங்குக்கு மேல் கனமானவை எல்லாம் வாழ்ந்து முடித்துவிட்டன. எந்த நிறையில் எத்தனை என்ற பரவலின் கனமான முனை இங்கே கிடைக்காது. அது தெரிந்துதான் எடுத்தேன்.

கருவிகள் எல்லாமே இலவசம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு (2022 ஜூன்), அட்டவணைகளைப் பார்க்க டாப்கேட், கணக்குக்குப் பைத்தான். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியே போதுமானது. உண்மையான செலவு நேரம்தான், அதிலும் பெரும்பங்கு நிரல் எழுதுவதில் போகவில்லை, எழுதியதைச் சோதிப்பதில் போனது.

தரவை இறக்கும் இடத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. கையா காப்பகத்தில் உடனடி வினவல் போட்டால் 2000 வரிசைகளோடு நின்றுவிடும். பிழைச் செய்தியைத் தேடாதீர்கள், அட்டவணை பார்க்க முழுமையாகவே இருக்கும். வரிசை எண்ணிக்கை உருண்டையாக 2000 என்று நின்றால் சந்தேகப்படுங்கள். பின்னணியில் ஓடும் வினவல் வகைக்கு மாற்றினால் உள்நுழையாமலே 30 லட்சம் வரிசை வரை கிடைக்கும்.

கூட்டத்தின் மையத்திலிருந்து 2 பாகை ஆரம் எடுத்தேன். இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், இதிலிருந்துதான் தூரம் வரும்) 7.36 மில்லி விகலைக்கு இரு பக்கமும் 0.5-க்குள் இருக்க வேண்டும். நகர்வு வல ஏற்றத் (கிழக்கு, மேற்கு) திசையில் 20, நடுவரை விலக்கத் (வடக்கு, தெற்கு) திசையில் கழித்தல் 45.5 என்ற புள்ளியைச் சுற்றிய ஒரு சிறு வட்டத்துக்குள் விழ வேண்டும். இவ்வளவுதான் முதல் வடிகட்டி. நிறம், ஒளியளவு வரைபடத்தில் போட்டதும் மிக அழகான ஒற்றைக் கோடு வந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்ததே முதல் எச்சரிக்கை. மங்கலான பக்கம் போகப்போகக் கோடு மெலிந்துகொண்டே போனது.

காரணம் அளவீட்டுப் பிழை. கையாவில் 15-ஆம் ஒளியளவு (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) வரை இடமாறு கோணத்தின் பிழை 0.02 முதல் 0.03 மில்லி விகலைதான். 17-இல் 0.07. 20-இல் 0.5. அதாவது என் வடிகட்டியின் அகலமும் மங்கலான விண்மீனின் ஒற்றைப் பிழையும் சமம். அந்த இடத்தில் உண்மையான உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு வெளியே விழும். சிறிய விண்மீன்கள் குறைவாகத்தான் பிறக்கின்றன என்ற தோற்றத்தை என் வடிகட்டியே உண்டாக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே வடிகட்டியின் அகலத்தை ஒவ்வொரு விண்மீனின் பிழைக்கு ஏற்ப விரித்தேன். அதோடு கூட்டத்தின் சொந்த விரிவையும் சேர்க்க வேண்டும். கூட்டத்துக்குள் வேகங்கள் நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சிதறியிருக்கின்றன, அந்தத் தூரத்தில் அது ஆண்டுக்கு ஒரு மில்லி விகலைக்குச் சற்று மேல். இப்போது மெலிவு சரியானது. ஆனால் மங்கலான பக்கம் வேற்றாட்கள் நுழைந்தார்கள். எத்தனை பேர் என்று அறிய, பால்வீதித் தளத்திலிருந்து கார்த்திகை இருக்கும் அதே 23 பாகை விலகலில் வேறு சில வெற்று வட்டங்களை எடுத்து, அதே வடிகட்டியை அப்படியே ஓட்டினேன். அங்கே தேறியவை எல்லாம் தற்செயல் பொருத்தங்கள். அந்த எண்ணிக்கையை ஒளியளவு வாரியாகக் கழித்தேன். 19-ஆம் ஒளியளவு வரை கழிவு தாங்கக்கூடியதாக இருந்தது, அதற்குக் கீழே ஏறியது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். சுமார் 0.1 சூரிய நிறை வரை என்று கணக்கு. விண்மீனுக்கும், ஹைட்ரஜனை எரிக்கும் அளவுக்குக் கனம் சேராத பழுப்புக் குள்ளனுக்கும் எல்லையான 0.08-ஐத் தொட ஆசை இருந்தது, ஆனால் இந்தத் தரவில் அந்தப் பக்கம் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது.

அப்புறம் தர எண். ரூவே என்று ஒன்று உண்டு. கையாவின் ஒற்றை விண்மீன் மாதிரிக்கு அளவீடுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைச் சொல்லும். 1.4-க்கு மேலிருந்தால் தள்ளிவிடுவது வழக்கம். இந்த வேலைக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. ரூவே எகிறுவது பெரும்பாலும் இரட்டை விண்மீன்களில். அவற்றைத் தள்ளினால் பிறந்தவற்றில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் கணக்கிலிருந்து எடுப்பதாக ஆகும். தூரம் அளக்கும் வேலைக்கு ரூவே நல்லது, எண்ணிக்கை எடுக்கும் வேலைக்கு ஆகாது என்பது என் முடிவு. நிபந்தனையை எடுத்துவிட்டேன்.

அடுத்து நிறை. விண்மீனை நேரடியாக எடைபோட முடியாது. ஒளியளவை எடுத்து, தூரத்தைச் சரிக்கட்டி, அந்த வயதுக்கான சமவயதுக் கோட்டில் (அந்த வயதில் எந்த நிறைக்கு எவ்வளவு ஒளி என்று மாதிரிகள் தரும் கோடு) பொருத்தி நிறையைப் படிக்க வேண்டும். 136 பார்செக்குக்குத் தூரத் திருத்தம் 5.67. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் அங்கே சுமார் 10.4 ஒளியளவில் தெரியும், தொலைநோக்கி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் ஆறும் சூரியனைவிடப் பல மடங்கு கனமானவை.

நிறத்தையும் ஒளியளவையும் சேர்த்துப் பொருத்துவதுதான் துல்லியம் என்று தொடங்கினேன். சிவப்பு விண்மீன்களில் அது ஓடவில்லை. மாதிரிக் கோடும் அளவீடும் சிவப்புப் பக்கம் விலகிப்போயின. இரண்டு காரணங்கள் தெரிந்தவை. இளம் விண்மீன்களின் பரப்பில் காந்தப் புள்ளிகள் நிறைய, அவை நிறத்தை மாற்றுகின்றன. கையாவின் நீல அலைவரிசை, மங்கலான சிவப்பு விண்மீன்களுக்கு ஒளியைக் கூட்டிக் காட்டுகிறது. நிறத்தை விட்டுவிட்டு, ஜி அலைவரிசை ஒளியளவிலிருந்து மட்டும் நிறையை எடுத்தேன். குறுக்குச் சோதனைக்கு டூமாஸ் வானளவையின் அகச்சிவப்பு கே அலைவரிசை. சிறிய விண்மீன்களின் நிறையைக் கே அலைவரிசை நன்றாகப் பின்தொடரும், புள்ளிகளின் பாதிப்பும் குறைவு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின, கடைசி மங்கலானவற்றில் மட்டும் சிதறல் பெருகியது.

தூரத்தைப் பற்றி ஒரு சிறு பயம் இருந்தது. ஹிப்பார்கோஸ் விண்கலம் இந்தக் கூட்டத்துக்கு 120 பார்செக் என்று சொன்னதும், அதன்பின் நடந்த நீண்ட விவாதமும் தெரிந்ததுதான். சரி, 120 போட்டால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். எல்லா விண்மீன்களும் 0.27 ஒளியளவு மங்கலாகி, எல்லா நிறைகளும் சில சதவீதம் இறங்கின. சரிவு ஏறக்குறைய அசையவில்லை! எல்லா நிறையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் மாறினால் அடுக்கு விதியின் (நிறை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் எண்ணிக்கை ஒரே விகிதத்தில் குறையும் விதி) சரிவு மாறாது. யோசித்தால் வெளிப்படையான விஷயம்தான், ஆனால் ஓட்டிப் பார்த்த பிறகு வரும் நிம்மதி வேறு. பரவல் வளையும் இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

சரிவை எடுக்க முதலில் பட்டை வரைபடம் போட்டு, பட்டைகளின் உச்சி வழியாக நேர்கோடு இழுத்தேன். பட்டைகளின் தொடக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே சரிவு 0.2 அளவுக்கு ஆடியது. கனமான பக்கப் பட்டையில் மூன்று நான்கு விண்மீன்கள்தான், அவை கோட்டைத் தம் பக்கம் இழுக்கின்றன. பட்டையே போடாமல் எடுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறையையும் கீழ் எல்லையால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். விண்மீன்களின் எண்ணிக்கையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து 1 சேருங்கள். அவ்வளவுதான் சரிவு. கீழ் எல்லை 0.5 என்று வைத்து ஓட்டினேன், 2.4 வந்தது. முதலில் சொன்ன அந்த 2.4 இதுதான்.

பொருந்திய எண்ணை நம்பி அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் இந்த நிரல் எந்தத் தரவைக் கொடுத்தாலும் 2.4-ஐ ஒட்டியே சொல்லுமோ என்ற கேள்வி விடவில்லை. ஆகவே ஒரு போலிக் கூட்டத்தைச் செய்தேன். குரூபாவின் பரவலிலிருந்து விண்மீன்களைச் சீட்டெடுத்தேன்: சரிவு 0.08 முதல் 0.5 வரை 1.3, அதற்கு மேல் 2.3, உச்ச எல்லை 5 சூரிய நிறை. வானத்தில் பரப்பி, தூரம் கொடுத்து, ஒளியளவுக்கு ஏற்பக் கையாவின் பிழையைச் சேர்த்து, ஒரு பகுதிக்கு இணை விண்மீனும் கொடுத்து, உண்மைத் தரவு நடந்த அதே பாதையில் அனுப்பினேன். உள்ளே போட்ட எண் எனக்குத் தெரியும், வெளியே வருவது என்ன என்று பார்ப்பதுதான் வேலை.

2.3 போட்டால் 2.54 வந்தது.

முதலில் பிழைகளைச் சந்தேகித்தேன். பிழையே இல்லாத போலிக் கூட்டத்திலும் அதே 2.54. கோளாறு சூத்திரத்தில் இருந்தது. எளிய சூத்திரம், மேலே எல்லையே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கார்த்திகையில் 5 சூரிய நிறையோடு வரிசை அறுந்துவிடுகிறது. காணாமல்போன கனமானவற்றை ‘பிறக்கவே இல்லை’ என்று சூத்திரம் படிப்பதால் சரிவு செங்குத்தாகிறது. கையாலும் சரிபார்க்கலாம். எல்லை இல்லாவிட்டால் மடக்கைகளின் சராசரி 1-ஐ 1.3-ஆல் வகுத்த 0.769. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் 10 மடங்கு என்றால் அது 0.648-ஆகக் குறைகிறது. 1-ஐ அதால் வகுத்து 1 கூட்டினால் 2.54. மேல் எல்லையைச் சேர்த்த சமன்பாட்டுக்குக் கையால் தீர்வு இல்லை, கணினியில் எண்முறையில் தீர்க்க வேண்டும். நிரலில் நான்கே வரி.

திருத்தப்பட்ட நிரலில் போலிக் கூட்டம் சரியாக 2.3-ஐத் திருப்பித் தந்தது. உண்மைத் தரவைக் கொடுத்தால் இப்போது 2.1. மகிழ்ச்சி போய்விட்டது, ஆனால் வேலை இங்கேதான் சுவாரசியமானது. ஏதோ ஒன்று எதிர்த் திசையில் இழுத்து, சூத்திரத்தின் பிழையை இதுவரை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அது 2 பாகை ஆரம். 136 பார்செக் தூரத்தில் 2 பாகை என்பது 5 பார்செக் கூட இல்லை. கூட்டத்தில் கனமானவை மையத்தை நோக்கி இறங்கியிருக்கின்றன, சிறியவை வெளியே பரவியிருக்கின்றன. விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் தள்ளியதன் விளைவு அது. மையத்தை மட்டும் எடுத்தால் கனமானவற்றின் பங்கு கூடி, சரிவு தட்டையாகும். 5 பாகைக்கு விரித்தேன், அதாவது சுமார் 12 பார்செக், கூட்டத்தின் ஈர்ப்புப் பிடி ஏறக்குறைய முடியும் இடம் வரை. வெற்று வட்டங்களையும் அதே அளவுக்கு மாற்றி மறுபடி கழித்தேன். 2.3 வந்தது. 1 பாகைக்குள் மட்டும், 1 முதல் 3 வரை, 3 முதல் 5 வரை என்று பிரித்து ஓட்டியபோது வெளியே போகப்போகச் சரிவு செங்குத்தானது. ஆகவே இது ஊகமாக நிற்கவில்லை. 0.5-க்கு மேல் கிடைத்தவை சுமார் 350 விண்மீன்கள், மேல் எல்லையோடு கணக்கிட்டால் பிழை 0.1-க்குக் கீழே இறங்காது.

0.5-க்குக் கீழே நிலைமை வேறு. குரூபாவின் 1.3-க்குப் பதிலாக எனக்கு 1-க்கும் குறைவாக வந்தது. போலிக் கூட்டத்திலும் அதே வீழ்ச்சி. இணை விண்மீன்கள்தான் காரணம். ஒன்றுக்கொன்று 0.7 விகலைக்குள் இருக்கும் இரண்டைக் கையா பெரும்பாலும் ஒன்றாகவே பார்க்கிறது. கார்த்திகையின் தூரத்தில் அது சுமார் 95 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 95 மடங்கு. அதைவிட நெருங்கிய ஒவ்வொரு ஜோடியிலும் சிறிய விண்மீன் கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. சம நிறை ஜோடி 0.75 ஒளியளவு கூடுதல் பிரகாசமாகி, ஒரே கனமான விண்மீனாக வேடம் போடுகிறது. கனமான பக்கம் இதனால் பெரிதாக மாறவில்லை, சிறிய பக்கம்தான் அடிவாங்குகிறது. ஆகவே என் எண் அமைப்புகளின் (ஜோடியை ஒன்றாக எண்ணினால் வரும்) பரவலைச் சொல்கிறது, தனி விண்மீன்களின் பரவலைச் சொல்லவில்லை. வானியற்பியலாளர் ஜில் சாப்ரியே 2003-இல் இரண்டுக்கும் தனித்தனி வளைவுகள் கொடுத்தது ஏன் என்பது இதைச் செய்து பார்த்த பிறகுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. அமைப்புகளுக்கு அவர் தந்த உச்சி 0.22 சூரிய நிறை. என் பரவலும் மடக்கை அளவில் 0.2-க்கும் 0.3-க்கும் இடையில் வளைகிறது.

பிரகாசமான முனையையும் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. 3-ஆம் ஒளியளவை நெருங்கும்போது கையாவின் அளவீடு தடுமாறும். கூட்டத்தின் தலையான அல்சியோன் அந்த எல்லையில்தான் நிற்கிறது. கூட்டத்தின் இன்னொரு விண்மீனான அட்லஸ் 291 நாளில் சுற்றும் இரட்டை, ஒற்றை ஒளியளவிலிருந்து அதன் நிறையைப் படித்தால் தவறும். இப்படிச் சிலவற்றுக்கு மட்டும் வேறு அளவீடுகளை எடுத்தேன்.

கணக்கில் சேராத ஒன்று நிறம், ஒளியளவு வரைபடத்தின் கீழ் இடப் பக்கம் தனியாக நின்றது. நீல நிறம், மிக மங்கல். எல்.பி. 1497 என்ற வெள்ளைக் குள்ளன். கூட்டத்தோடு பிறந்து, இப்போதிருக்கும் எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்து, எரிந்து முடித்த ஒன்று. 5-க்குக் கீழே கிடைத்த 350-ஐயும் 2.3 சரிவையும் வைத்து மேலே நீட்டிப் பார்த்தால், 5 சூரிய நிறைக்கு மேல் ஏறக்குறைய 18 பிறந்திருக்க வேண்டும். அவற்றில் 8-ஐத் தாண்டியவை சுமார் 10, அவை சூப்பர்நோவாவாக வெடித்திருக்கும். இது நீட்டிப்புக் கணக்குதான், ஆனால் அந்த ஒற்றை நீலப் புள்ளியைப் பார்த்த பிறகு எனக்கு அது வெறும் கணக்காகத் தெரியவில்லை.

மறுபடி செய்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். உண்மைத் தரவை இறக்கும் முன்பே போலிக் கூட்டத்தைச் செய்து, நிரலை அதில் பழக்குவேன். வடிகட்டியில் உள்ளே, வெளியே என்று வெட்டுவதை விட்டு, ஒவ்வொரு விண்மீனுக்கும் உறுப்பினராக இருக்கும் நிகழ்தகவைக் கொடுத்து அந்த எடையோடு கூட்டுவேன். ஆரத்தை 5 பாகையில் தொடங்குவேன். அடுத்ததாக எடுத்து வைத்திருப்பது ஆல்ஃபா பெர்சி கூட்டம். வயது கார்த்திகையைவிடக் குறைவு என்பதால் மேல் எல்லை கொஞ்சம் உயரும். ஆனால் பால்வீதித் தளத்துக்கு வெகு அருகில் இருக்கிறது, நகர்வும் அவ்வளவு தனித்துத் தெரியவில்லை. வெற்று வட்டங்களைக் கழிக்கும் வேலைதான் அங்கே பெரிதாக இருக்கப்போகிறது, இப்போது அதற்கான வட்டங்களைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.